காதுகுத்துக்காகத் தள்ளிய ஸ்கேன்

ஆவணி 9, செவ்வாய்.

தங்கை செல்வியின் ஏழு மாதக் குழந்தைக்கு இடது கிட்னியில் அடைப்பு. பிறந்தபோதே தெரியும். உடனே ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் மலையாளி டாக்டரம்மா. போன ஸ்கேன் நாளும் காதுகுத்தும் ஒன்றாக வந்தன. தாய்மாமனான என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். "சிரிச்சிட்டுத்தான கெடக்கா? மெஷினுக்குக் காலா இருக்கு, ஓடிப்போக?" என்று நான்தான் ஸ்கேனைத் தள்ளச் சொன்னேன். அடுத்த தேதி கிடைக்க இரண்டு மாதமாகிவிட்டது.

இன்று டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "வீக்கம் கூடிப்போச்சு. கிட்னி வேலை செய்யறது குறைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். காத்திருக்கலாம்னு சொன்னது, பாத்துக்கிட்டே காத்திருக்கத்தான், கேட்டோ."

குறைந்தது திரும்ப வருமா என்று கேட்டேன்.

"மிச்சத்தைக் காப்பாத்தலாம். போனது வருமான்னு இப்போ சொல்ல முடியாது."

செல்வி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பஸ்ஸில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏதாவது கேலி பேசுண்ணா, பயமா இருக்கு" என்றாள். சாலை பஜாரில் என் கடையில் நாள் முழுக்க ஆளைச் சிரிக்க வைக்கிற வாய் இது. பழவங்காடி ஸ்டாப்பில் இறங்கும் வரை ஒன்றும் வரவில்லை.