பக்கத்து இருக்கையின் அடியில் ஓடிய வயர்

பிரியமுள்ள ராஜன் அண்ணா,

நீ இதைப் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஜெபத்தின்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பவள் என்று கேலி செய்வாயே, அதே ஆள்தான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடிப் பதினோரு மாதமாகிறது. உன் காரில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்துவிட்டோம்.

சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து மதினியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மதினி காரை விற்க முடிவு செய்திருந்தார். கோட்டயத்திலிருந்து ஒருவர் திங்கட்கிழமை பார்க்க வருவதாக ஏற்பாடு. "அந்தச் செவந்த சவம் வீட்ட விட்டுப் போகட்டும். ரெண்டே ரெண்டு சீட்டு, அதுலயும் எனக்கு எடமில்ல" என்றார். பன்னிரண்டு வருடமாக நாம் கேட்ட அதே வாக்கியம்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த வண்டி. கூரையை மடக்கிவிட்டு நீ போகும்போது தெருவே திரும்பிப் பார்க்கும். வாங்கிய புதிதில் மதினியை மூன்று முறை கூட்டிப்போனாய். மூன்று முறையும் வழியில் நின்றது. கடைசித் தடவை பேரூர்க்கடை பக்கத்தில் அவர் கோபத்தில் இறங்கி ஆட்டோவுக்குக் கை காட்டினார். அவர் கண்முன்னாலேயே உன் வண்டி ஸ்டார்ட் ஆனது. அதன்பிறகு அவர் ஏறவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

அந்த வாரம் நீ என் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தாய். நான் செய்முறை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஷீலா, நீ கரண்டப் பத்திப் படிச்சவ. ஒரு காரியம் சொன்னா சிரிக்கப்பிடாது. அவ ஏறினா வண்டி நிக்குது. இறங்கினா ஓடுது."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "கரண்டுக்கு ஆள் அடையாளமா தெரியும்? மதினியக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லன்னா நேரா சொல்லு" என்றேன். நீ குடையை எடுத்துக்கொண்டு போனாய். நீ வேண்டுமென்றே வண்டியை நிறுத்துகிறாய் என்று நினைத்திருந்த மதினியிடம் அன்று மாலையே போய், "நீங்க நெனைக்கது சரிதான்" என்றும் சொல்லிவைத்தேன். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

போன சனிக்கிழமை, விற்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்க்க மெக்கானிக் ஸ்டீபன் வந்தார். இத்தனை வருடமும் அவர் தனியாகவே ஓட்டிச் சோதித்தவர். இந்த முறை எஞ்சின் சத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்று என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பழவங்காடியில், கோயிலுக்கு நேர் எதிரே வண்டி நின்றது. பின்னால் பஸ் ஹாரன். ஒரு போலீஸ்காரர், "சேச்சி, ஒதுக்கி இடணே" என்று வண்டியை ஓரங்கட்டச் சொல்லி மலையாளத்தில் கத்தினார். தள்ளுவதற்காக ஸ்டீபன் இறங்கினார். அவர் கை வண்டியில் படுவதற்குள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஏறினார். முந்நூறு மீட்டரில் மறுபடியும் நின்றது. இறங்கினார், ஓடியது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மேடம், எனக்கும் இந்த வண்டிக்கும் என்ன பகை? நாப்பது வருஷமா தொழில் செய்யுதேன். ஒரு வண்டியும் என்னய இறக்கிவிட்டதில்ல, கேட்டேளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டீபனை ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு, நான் தனியாக வீடுவரை ஓட்டினேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

வீட்டு ஷெட்டில், வண்டியின் பின்பக்கம் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பில் வோல்ட் மீட்டரை வைத்தேன். ஸ்டீபன் இருக்கையில் உட்கார்ந்தார், பூஜ்யம். எழுந்தார், பன்னிரண்டு வோல்ட். இருக்கையைக் கழற்றினோம். பம்புக்குப் போகும் வயர் அதன் சட்டத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. பாரம் ஏறினால் இரண்டு முனையும் விலகும். பம்ப் நிற்கும். மிச்சமிருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எஞ்சின் அணையும். ஆள் இறங்கினால் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வயரைப் போட்டது நீதான் அண்ணா. வாங்கிய முதல் மாதமே உன் கையால் இழுத்துப் போட்டதாக ஸ்டீபன் சொன்னார். ஷெட் அலமாரியில் நீ கழற்றி வைத்த நான்கு பம்புகள் இருந்தன. நான்கும் நன்றாக வேலை செய்தன. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறாய், நீ போட்ட வயரை மட்டும் தொடவில்லை.

இருக்கையைத் திரும்ப மாட்டச் சொல்லி, வயரை மாற்றாமலே மதினியைக் கூப்பிட்டேன். வர மறுத்தார். ஸ்டீபன் கெஞ்சியதால் வந்தார். உட்கார்ந்தார், பூஜ்யம். எழுந்தார், பன்னிரண்டு. திரும்பவும் உட்கார்ந்தார், எழுந்தார். நான்கு தடவை.

"இது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"காரணம் தெரியாது" என்றேன். அது பொய் இல்லை. முழுப் பதிலும் இல்லை.

மறுநாள் மதினியே கோட்டயத்துக்காரருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டீபன் வேறு வழியாகப் புது வயர் போட்டார். மூன்றாம் நாள் மதினி, "பொன்முடிக்குக் கொண்டுபோ. அங்கதான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரு" என்றார்.

கல்லாறு தாண்டி மலை ஏற்றம் தொடங்கியதும் பட்டப்பகலிலேயே மூடுபனி. ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் பம்பின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஓட்டினேன். நிற்கவில்லை. மதினி மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார். பத்தாவது வளைவோ, பதினொன்றோ, மெதுவாகச் சொன்னார்: "பாவம் மனுசன். ஒருத்தர்கிட்டயும் சொல்லாமலே போயிட்டாரு."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எங்கிட்ட அண்ணன் சொல்லிச்சு மதினி. அப்பமே சொல்லிச்சு. நான் சிரிச்சேன். உங்ககிட்ட வந்து, நீங்க நெனைக்கது சரின்னும் சொன்னேன்."

"வண்டிய நிறுத்து."

இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு மேட்டில் நடக்கத் தொடங்கினார். முதல் கியரில் நான் பின்னால் ஊர்ந்தேன். எதிரே இறங்கிவந்த பஸ் ஹாரன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. அவர் திரும்பவே இல்லை. ஒரு வளைவு முழுக்க அப்படியே போனோம். இரண்டாவது வளைவில் பனி அவரை மறைத்தது. நான் ஹாரனில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

வளைவைத் திரும்பியபோது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். மூச்சு வாங்கியது. நான் வாயைத் திறந்தேன்.

"இப்ப ஒண்ணும் சொல்லாத" என்றபடி கதவைத் திறந்து ஏறினார். "பன்னெண்டு வருஷமா அவருக்க மேல வச்சிருந்த கோவம். ஒரு நாளுல அத எடுத்து உனக்க மேல வைக்க எனக்கு முடியல்ல. கொஞ்ச நாளாகும். நீ ஓட்டு."

உச்சிவரை ஓட்டினேன். திரும்பி வரும்வரை அவர் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம ஆராதனைக்குக் கோயிலுக்கு இதுலதான் போணும். எட்டு மணிக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

இதை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பத்திரிகையில் அச்சுக்குக் கொடுக்கிறேன். "உனக்க பேர மட்டும் மாத்திப் போட்டிராத" என்றார். மாற்றவில்லை.

எட்டு மணிக்குப் போவேன் அண்ணா. இந்த வாரம், அடுத்த வாரம், அவர் பேசாத வாரங்களிலும். அவர் கோபம் என்னிடம் வந்து சேரும் நாளில் வேறெங்காவது வேலை இருக்கிறது என்று ஒதுங்க மாட்டேன். அதை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அன்று உன்னை நம்பாத
உன் ஒரே தங்கை,
ஷீலா