சூரியகாந்திக்கு அடியில் உன் பெயர்

மச்சா,

நேற்று உன் பையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். கோந்து இளகும் அந்த வாடை வந்தது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி கொடுத்த பை. "இத யாரையும் அவரு தொட வுடலண்ணா. நீங்களே வச்சிக்குங்க" என்றாள். அதில் நான் ஒட்டிய சூரியகாந்திப் படம் ஓர் இதழ்கூடப் பிரியாமல் இருந்தது.

உன் கல்யாணத்துத் தாம்பூலப் பை அது. உன் பெயரும் அவள் பெயரும் சிவப்பில், கொட்டைத் தமிழ் எழுத்தில். பெங்களூரில் நம் நீலசந்திராவில் பாதி வீடுகள் அதில்தான் காய்கறி வாங்கின. நாம் இருவரும் ஆளுக்கொரு பையில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு நடப்போம்.

காவிரிக் கலவரம் நடந்த டிசம்பர். மூடிக்கிடந்த பட்டறையைத் திறப்பதாக முதலாளி சொல்லியனுப்பினார். தமிழ் எழுத்தோடு தெருவில் இறங்க வேண்டாம், பிளாஸ்டிக் கவரில் சோறு கொண்டுபோகலாம் என்றேன்.

"என் பேரு போட்ட பைய வுட்டுட்டு கவர்ல எடுத்துனு போவணுமா? போடா!" என்றாய்.

உன்னிடம் பேசி ஜெயித்தவன் யார்? கார்மெண்ட்ஸில் வேலை பார்த்த என் மனைவி, அங்கே கழித்துப்போட்ட ஒட்டுப்படங்கள் சில வைத்திருந்தாள். பின்பக்கம் கோந்து இருக்கும். மேலே கர்ச்சீப்பைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் துணியைப் பிடித்துக்கொள்ளும். எழுத்தை மறைக்க அது போதும் என்று நினைத்தேன். முதலில் உன் பைக்குச் சூரியகாந்தியை ஒட்டினேன். என் பையில் வாத்துப் படத்தை வைத்தபோது கரண்ட் போய்விட்டது. ஆறிக்கொண்டிருந்த பெட்டியை வைத்து எவ்வளவு அழுத்தியும் ஓரம் பிடிக்கவில்லை.

"போதும் வாடா, வாத்து எங்க பறந்துடப் போவுது?" என்று சிரித்தாய்.

தொம்மலூர் போகும் வழியில் நிறுத்தினார்கள். கைகளில் கட்டைகள். ஒருவன் என் பையைப் பார்த்தான். வாத்தின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்தெறிந்தான். அடியில் உன் பெயர். எனக்கும் கன்னடம் தெரியும்தான், ஆனால் பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

"இவனு யாரோ, கொத்தில்ல" என்றாய். இவன் யாரோ, தெரியாது. உன்னை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை, மச்சா. நீயாகச் சொன்னாய்.

பையில் இருந்தது உன் பெயர். உடைந்தவை என் விரல்கள். சூரியகாந்தியோடு நீ நடந்து போனாய். திரும்பிப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது, என் முகம் தரையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கி வந்தாய். "நானும் அடி வாங்கியிருந்தா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல நின்னிருக்கும், மச்சா" என்றாய். நியாயம்தான். அந்த நியாயத்தை என் மனைவி முன்னால், சாத்துக்குடியை உரித்துக்கொண்டே சொன்னாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மடங்காத விரல்களோடு லேத் ஓட்ட முடியாது. நீ மேஸ்திரி ஆனாய். நான் அதே பட்டறை வாசலில் வாட்ச்மேன் ஆனேன். தினமும் காலையில் அந்தச் சூரியகாந்திக்குக் கேட்டைத் திறந்துவிட்டேன். "சாப்ட்டியா மச்சா?" என்று கேட்பாய். "ஆச்சு" என்பேன். ஒருநாள்கூட நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் நீ கேட்பாய் என்று கடைசிவரை காத்திருந்தேன். அந்த ஆசையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நேற்று சூடு ஏற ஏறச் சூரியகாந்தி மெல்ல உரிந்து வந்தது. வெயில் படாத இடமல்லவா, எழுத்து கொஞ்சமும் வெளுக்கவில்லை. உன் கல்யாணத்தன்று பார்த்த அதே சிவப்பு.

விரல்களால் பிடிக்க முடியாது என்பதால் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு இன்று காலை கடைக்குப் போனேன். கத்தரிக்காயை உள்ளே போட்ட கடைக்காரர் எழுத்தைப் பார்த்துவிட்டு, இது யார் பெயர் என்று கன்னடத்தில் கேட்டார்.

"இவனு யாரோ, கொத்தில்ல" என்றேன்.

நாக்கு ஒட்டிக்கொள்ளவே இல்லை, மச்சா.