தறிக்குழியில் கிடந்த மாத்திரைகள்

ஆசை அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். உன் மேல் இல்லை. புழுவின் மேல், பத்திரிகைக்காரர்கள் மேல். உன்னிடம் கத்தினால் இப்போது நீ பதிலுக்குக் கத்தமாட்டாய் என்கிற தைரியம்.

அம்மை குத்துகிறவர் பிள்ளையார்பாளையத்துக்கு வரும்போதெல்லாம் முதல் ஆளாகக் கையை நீட்டுவாயே, இன்னும் ஒன்று குத்திக்கொண்டால் கால் வீக்கமும் வடிந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது? கையெல்லாம் தழும்பு. கால் மட்டும் யானைக்காலாகவே இருந்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் தறியை விட்டு எழவே மாட்டாய். தறிக்கு அடியிலுள்ள குழிக்குள் இருக்கும்வரை உன் காலை யாரும் பார்க்க முடியாது.

சென்னையில் யானைக்காலுக்குத் தடுப்பூசி தேடும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று நீ கேட்டாய்: "அம்மைக்கு ஊசி இருக்குது, இதுக்கு மட்டும் ஏன்டி இல்ல?"

அன்றைக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும், அதுதான் எரிச்சல். அம்மை ஒருமுறை வந்து போனால் உடம்பு அதை மறப்பதில்லை. ஊசி அந்தப் பாடத்தை முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. யானைக்காலைக் கொண்டுவரும் இந்தப் புழுவோ வருஷக்கணக்கில் உள்ளே குடித்தனம் நடத்துகிறது, உடம்பு பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. உடம்புக்கே தெரியாத பாடத்தை ஊசி எப்படிச் சொல்லித்தரும்?

மனிதனுக்கு வரும் புழு எலியில் வளராது. அதனால் எலிக்கென்றே உள்ள வேறொரு புழுவை வைத்துப் பார்க்கிறோம். கொன்று அரைத்து ஊசி போட்டோம். குற்றுயிராக்கியும் போட்டோம். பிறகு நல்ல புழுவை ஏற்றிவிட்டு அறுத்துப் பார்த்தால், ஊசி போட்ட எலியிலும் போடாத எலியிலும் ஒரே மாதிரி சொகுசாக நெளிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா.

இந்த லட்சணத்தில் பத்திரிகையில் ஒரு செய்தி: யானைக்காலுக்கு விரைவில் தடுப்பூசி. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியவர் சொன்னது "முயற்சி செய்கிறோம்" என்றுதான். அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டார்கள்.

காலில் புண் வைத்து, ஜுரத்தில் நீ போய்ச்சேர்ந்த பிறகு உன் தறியில் உன் மகள் சுலோதான் உட்காருகிறாள். அவள் ரத்தத்திலும் புழு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. கால் இன்னும் வீங்கவில்லை. இப்போதே மாத்திரை சாப்பிட்டால் காப்பாற்றிவிடலாம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்று தறிக்குழிக்குள் உருண்டது. எடுக்கக் கையை விட்டேன். மாத்திரைகள் வந்தன. முதல் மாத்திரைக்கே ஜுரமும் தலைசுற்றலும் வந்ததாம். மிச்சத்தையெல்லாம் உள்ளே போட்டிருக்கிறாள். புழு சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். கேட்கவில்லை. சித்திதான் ஊசி கொண்டுவரப்போகிறாளே, பேப்பரிலேயே போட்டுவிட்டார்களே, அதுவரை பொறுத்தால் என்ன என்கிறாள்.

"ஊசி வராது சுலோ," என்றேன். "என்னிக்காவது வந்தாலும் புழு ஏறாதவங்களுக்குத்தான். உனக்கு இந்த மாத்திரைதான்மா."

கையிலிருந்த, ஊடை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப எதுக்கு சித்தி தினம் அந்த எலிங்ககிட்ட போயிக்கினு இருக்க?"

தண்ணீர் மொண்டு வந்து ஒரு மாத்திரையோடு நீட்டினேன். முறைத்துக்கொண்டே விழுங்கினாள். சாயங்காலம் ஜுரம் வந்தது. என் மடியில் படுத்துக்கொண்டு என்னையே திட்டினாள். திட்டுவதில் அப்படியே நீதான்.

மாத்திரை முடியும்வரை லீவு போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் என் கண்ணெதிரில்தான் விழுங்குவாள். என்றைக்காவது அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கும். அதற்குப் புழு ஏறியிருக்காது, ஊசி வந்தால் அதற்குத்தான். அவள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அவ்வளவுதான். ஊசி வரும் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன், அக்கா. வேலையையும் விடமாட்டேன்.

உன் கோபக்காரத் தங்கை,
கஸ்தூரி