கறுப்பு மோரிஸின் பின் சீட்

அன்பு மகன் வசந்துக்கு,

மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு சுகத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை, பேசத்தான் ஆளில்லை. நம் எஸ்டேட் லயத்து வரிசையில் எட்டு வீட்டில் மூன்றில்தான் இப்போது அடுப்பு எரிகிறது. அப்பா இருந்தவரை சண்டை போடவாவது ஒருவர் இருந்தார். இதைப் போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

குன்னூரில் நான் தைக்கப் போகும் ஜெனிஸ் தம்பியின் கார் குஷன் கடைக்குப் போன மாதம் ஒரு பழைய கார் வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் எஸ்டேட் பெரிய துரையின் கறுப்பு மோரிஸ். நீ பிறந்த அன்று எனக்கு வலி கண்டதும் அப்பா பங்களாவுக்கு ஓடிப்போய் ஆஸ்பத்திரி போகக் கேட்டாரே, சீட் கறையாகிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களே, அதே கார். தேயிலைக் கொழுந்து லாரியில் சாக்குமேல்தான் நீ பிறந்தாய். இப்போது துரையின் பேரன் அந்தக் காரை ஊட்டியில் பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறானாம். கதவின் உள்பலகை ஈரத்தில் உப்பிப் போயிருந்தது, சீட்டில் தோல் வெடித்து உள்ளே அடைத்த நார் தெரிந்தது. பின் சீட்டை நான்தான் பிரித்தேன். முழுதும் தேடிப் பார்த்தேன், ஒரு கறை இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். பழைய தோலை அளவுக்கு வைத்துப் புதுத் தோல் வெட்டி, குளிரில் விறைத்துப்போவதை வெந்நீர்ப் பையால் இளக்கி இளக்கி, மடியில் போட்டுப் பதினெட்டு நாள் தைத்தேன்.

நேற்று அந்தப் பேரன் வண்டி எடுக்க வந்தான். எங்கள் கடையில் தைத்தவர் முதலில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும், கனம் இறங்கினால்தான் தையல் எங்கே இழுக்கிறது என்று தெரியும். நான் கதவைத் திறந்ததும் அவன், "அக்கா, வேலை செஞ்ச சேலையோட ஏறாதீங்க, வேற யாராச்சும் உக்காரட்டும்" என்றான். ஜெனிஸ் விடவில்லை. "உங்க சீட்டுத் தோலு பதினெட்டு நாளா அந்தச் சேலை மேலதானுங்க சார் கெடந்துச்சு. நீங்க உக்காருங்க்கா" என்றான். உட்கார்ந்தேன். ஒரு தையலும் இழுக்கவில்லை. இறங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா, யாரும் சொல்லாமலே உட்கார்ந்த இடத்தை முந்தானையால் துடைத்தேன். பேரன் "தேங்ஸ்க்கா" என்றான். பஸ்ஸில் வீடு வரும்வரை துடைத்த கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏன் துடைத்தாய் என்று கேட்டுத் திட்டவாவது வீட்டில் ஒருத்தர் வேண்டாமா?

நீ ஓட்டுவதும் இன்னொருத்தர் கார்தான். வலியோடு யாராவது வழியில் கை காட்டினால் முதலாளிக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காதே, ஏற்றிக்கொள். சீட் நாசமானால் நான் தைத்துத் தருகிறேன்.

முருகன் உன் கூடவே இருக்கட்டும், நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். லீவு எந்த மாதம் என்று மறக்காமல் எழுது.

உன் அம்மா,
மூக்கம்மா