வெற்றிலை வைத்ததும் பிணை தள்ளிப்போனதும்

மேல்பிரிவு, தெமோதரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் ஜோர்தானில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். தம்பி நிமலன் பிணையில் வெளியே வந்துவிட்டான். இதை முதலிலேயே எழுதாவிட்டால் நீ நடுவில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா. போனில் இதெல்லாம் சொல்ல முடிவதில்லை, நான் வாயெடுப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கி அழ ஆரம்பித்துவிடுகிறாள். ஒரு சண்டைக்கு ஏன் ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள் என்று போன கிழமை கேட்டாய், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சண்டை தண்ணீருக்குத்தான். நம் லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் இருப்பது ஒரே பைப், பக்கத்து வீட்டுக் காம்பரா வீரய்யா அதில் ஓஸ் குழாய் மாட்டித் தன் லீக்ஸ் பாத்திக்கு விட்டிருந்தான், அம்மா குடத்தோடு காத்து நின்றாள். நிமலன் போய் ஓஸைப் பிடுங்கினான், வார்த்தை வளர்ந்தது, மம்பட்டிப் பிடியை எடுத்து அடித்துவிட்டான். வீரய்யாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. என் பிள்ளை என்பதற்காக அதைச் சரியென்று நான் எழுதமாட்டேன். வீரய்யாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது, அன்று பின்னேரமே வந்து நிமலனைக் கூட்டிப்போய்விட்டார்கள். பிடித்தால் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டுமாம், அதனால் மறுநாள் காலையிலேயே பதுளைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். காயம் எவ்வளவு என்று டாக்டர் எழுதின ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று பொலிஸ் சொன்னது, பதினான்கு நாள் விளக்கமறியல் என்று உத்தரவானது. அம்மா அதைத் தண்டனை என்றே எண்ணி, பதினாலு நாளோடு கேஸ் முடிந்துவிடும் என்று நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், பத்மநாதன் என்று ஒரு லோயரைப் பிடித்தேன். அவர்தான், விளக்கமறியல் தண்டனை இல்லை ஐயா, விசாரணை முடியுமட்டும் பிடிச்சு வைக்கிறது, பெடியனுக்கு முந்தி ஒரு வழக்கும் இல்லை, அடுத்த தவணைக்குக் கோட்டில நிப்பாட்டேக்க ரிப்போர்ட் வந்திருந்தால் பிணை கேக்கலாம், நீங்கள் பேசாமல் வீட்டில இருங்கோ என்றார்.

நான் பேசாமல் இருக்கவில்லை. முப்பது வருடம் கங்காணியாக இருந்தவன், தேயிலை மலையில் எத்தனை கைகலப்பை வெற்றிலைத் தட்டோடு போய் முடித்திருக்கிறேன், நம் ஆட்களுக்குள் அதுதானே முறை. வீரய்யா கையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம், கோயில் தலைவரையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன். வெற்றிலையை வைத்து, சின்னப் பய கைய நீட்டிட்டான், மனசுல வச்சுக்காத வீரய்யா என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், பொலிசுல போயி கேஸ் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிரு என்றும் சொன்னேன். அவன் வெற்றிலையை எடுத்துக்கொண்டான், கண்ணும் கலங்கினான். நான் முடிந்தது என்று நிம்மதியாக வந்துவிட்டேன்.

பிறகு பொலிஸ் மேலும் வாக்குமூலம் எடுக்க வந்திருக்கிறது. யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு வீரய்யா ஒளிக்காமல், கங்காணி ஐயா நாலு பேரா வந்தாரு, வெத்தல வச்சாரு, கேஸ் வேணாம்னு சொல்லச் சொன்னாரு என்றிருக்கிறான். அவன்மேல் குற்றமில்லை, நடந்ததைத்தான் சொன்னான். இரண்டாம் தவணைக்கு டாக்டர் ரிப்போர்ட் வந்திருந்தது, லோயர் பிணை கேட்டார், உடனே பொலிஸ் எழுந்து சந்தேகநபரின் ஆட்கள் முறைப்பாட்டுக்காரரை மிரட்டுகிறார்கள் என்றது. மொழிபெயர்ப்பவர் அதைத் தமிழில் சொன்னபோதுதான் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று விளங்கியது. சாட்சியில் கை வைப்பார்கள் என்று தோன்றினால் பிணை கொடுக்கமாட்டார்களாம். இன்னும் பதினான்கு நாள். கூண்டிலிருந்து நிமலன் என்னைப் பார்த்தான், கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா உன்னிடம் ரிப்போர்ட் பிந்திவிட்டது என்று சொல்லியிருப்பாள், அது நான் அவளிடம் சொன்ன பொய்.

மூன்றாம் தவணைக்குத்தான் பிணை கிடைத்தது. அவனுக்குப் பொறுப்பாக நிற்க இரண்டு பேர் சரீரப் பிணைக்கு வேண்டும் என்றதும், கோயில் தலைவர் மரியாதைக்குரிய ஆள் என்று அவரை வேட்டி கட்டச் சொல்லிக் கூட்டிப்போனேன், லோயர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோர்ட் மரியாதையைப் பார்ப்பதில்லை, நெருங்கின சொந்தமா, நிலையான விலாசம் உண்டா என்றுதான் பார்க்குமாம். அப்புறம் வெலிமடையிலிருந்து இராக்கம்மா அத்தையை வரச்சொல்லி அவளும் நானும் நின்றோம். கிராம சேவகரிடம் வதிவிடக் கடிதம் வாங்கத்தான் பெரும்பாடு, லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே விலாசம், கடைசியில் அவர் நாலாவது கதவு என்று பேனையால் எழுதிக் கொடுத்தார். நிமலன் தவணைக்கு வராவிட்டால் அவனுக்குப் பிடியாணை, எங்கள் இரண்டு பேரையும் கோர்ட் கேட்கும். ஞாயிறுதோறும் பொலிசில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு முடியும்வரை அவன் தோட்டத்தில் நம் பிரிவுக்குள் கால் வைக்கக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை. அதனால் அத்தை வீட்டில் இருந்து கரட் தோட்டத்தில் வேலை செய்கிறான். அம்மா ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பார்சலோடு பொலிசுக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறாள். எவ்வளவு காலம் என்று கேட்டேன், ஒரு வருசமும் ஆகும், மூண்டு வருசமும் ஆகும் என்றார் லோயர்.

நீ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடிவராதே, வந்தும் செய்ய ஒன்றுமில்லை. வீரய்யா மகள் லதுஷா உன் கூட்டாளிதான், இருந்தாலும் அவளுக்கு இதைப்பற்றி ஒரு மெசேஜும் போடாதே, நம் வீட்டில் ஒருவர் செய்த சமாதானம் போதும். தை மாதம் லீவு கிடைத்தால் முதலில் வெலிமடையில் இறங்கித் தம்பியைப் பார்த்துவிட்டு வா. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. பிரிவுக்குள் வரக்கூடாது என்பது எல்லாருக்கும் போடும் நிபந்தனை இல்லையாம், நான் வெற்றிலை வைக்கப் போனதால்தான் போட்டார்களாம், லோயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவுக்கு இது தெரியாது, நான் வெற்றிலை வைத்ததை மட்டும் லயத்தார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எங்க வீட்டுக்காரராச்சும் மனுசத்தன்மையோட போயி மன்னிப்புக் கேட்டாரு என்று லயம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை மகள். இந்தக் கடிதம் கிடைத்து வரும் ஞாயிறு போன் எடுக்கும்போது நீயே அவளிடம் சொல்லிவிடு, அந்த நேரம் நான் வெளியே போய்விடுகிறேன்.

உன் அப்பா,
தம்பையா