எண்ணெய் பூசிய பென் டிரைவ்

லூப்பே அப்பாவுக்கு,

மாதர் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். சேப்பங்கிழங்கு இலையில் பொதிந்த இறைச்சி அடுப்பின் மேல் இருக்கிறது. நேற்றுபோல் பட்டினி கிடக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் கவெயிங்காவிடம் பென் டிரைவைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் புண்ணியவான் அக்கா இதுக்குப் போய்த் தேங்காயெண்ணெய் தடவுனது?" என்று சிரித்தார். பென் டிரைவ் கெட்டிருக்காதாம். எண்ணெய் படிந்ததால்தான் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லையாம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தகட்டைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, பின்பக்கத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்குள்ளும் எண்ணெய் போயிருக்கும். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் எல்லாம் அழிந்துவிடும். நம் பெண் லூப்பே கர்த்தரிடம் போன பிறகு அவள் குரல் அது ஒன்றில்தான் இருக்கிறது.

நேற்று, "இது என்ன உங்க படகு என்ஜினா, எண்ணெய் போட?" என்று கத்திவிட்டேன். "உப்புக்காத்துல துரு புடிச்சிடுமோன்னு பயந்துட்டேன்டி" என்று நீங்கள் சொன்னது காலை ஜெபத்தின்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்பாகச் செய்ததைக் கர்த்தர் குற்றமாக எண்ணமாட்டார். எண்ணுவதற்கு நான் யார்?

பின்குறிப்பு: பாட்டு கேட்க ஆரம்பித்தால் எனக்காகக் காத்திருக்காதீர்கள். அவள் கோயிலில் கடைசியாகப் பாடியபோது நான் முன்வரிசையில் இருந்தேன். நீங்கள் கடலில் இருந்தீர்கள். முதலில் நீங்கள் தனியாகக் கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.