பூசை போட்ட வண்டி

மார்ச் 22, 1954. திங்கள்

காலை முழுக்கப் பனி. பத்து மணிக்குத்தான் கராஜ் கூரையே கண்ணுக்குத் தெரிந்தது. கால் விரலில் வெடிப்பு, களிம்பு வாங்க வேண்டும்.

பெரிய துரை எங்களை பங்களாவுக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் கப்பல். இனி சீமையோடு சரி. அவர் நடத்திய கார்ப் பந்தயக் குழு இனி யாருக்கு என்று இன்று சொல்வதாக இருந்தது. விமல் மாத்தையாவுக்குத்தான் என்று எல்லாருக்கும் நினைப்பு. சிங்களவர் என்பதால் எங்களுக்கு மாத்தையா, ஐந்து வருடமாக வண்டி ஓட்டுபவர். நுவரெலியா மலைப் பந்தயத்தில் கொழும்புக்காரர்களை மூன்று முறை தோற்கடித்தவர்.

"என் அக்காள் மகன் பார்த்துக்கொள்வான்" என்றார் துரை. அந்த மருமகன் துரை வந்து ஆறு மாதம்தான். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியும். அவ்வளவு.

கறுப்பையா அண்ணன் எங்கள் தலைமை மெக்கானிக். சும்மா இருந்திருக்கலாம். "தொரை, விமல் மாத்தையாவுக்குத்தானே வாக்கு குடுத்தீங்க. நாங்கெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே நின்னோம்" என்றார். பெரிய துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

மார்ச் 24. புதன்

கறுப்பையா அண்ணனை ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள், தேயிலைக் கொழுந்து லொறி பார்க்க. அவர் இடம் எனக்கு. இரண்டு அறை வீடு. தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே. என் வீட்டுக்காரி ரோசம்மா அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள்.

பொகவந்தலாவைத் தோட்ட லயத்தில் ஒரே காம்பரா அறையில் ஏழு பேரோடு படுத்து வளர்ந்தவன் நான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை. சந்தோஷம், கூடவே வெட்கம்.

அண்ணன் சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். "பயலுக மொறைப்பானுங்க. கண்டுக்காதீங்க தம்பி."

மார்ச் 29. திங்கள்

முறைக்கிறான்கள். கராஜ் பையன்களில் முத்துசாமிதான் முன்னணி. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. முதுகுக்குப் பின்னால், "வேதக்காரன் பங்களாவுக்கு நல்லா தலையாட்டுறான்." கராஜில் கிறிஸ்தவன் நான் ஒருவன்தான். காதில் விழட்டும் என்றே சொன்னது. விழுந்தது.

வண்டியில் பாக்கி:
கார்புரேட்டர் சுத்தம்
இடது பின் டயர்
பானட் வார்
ரோசம்மாவுக்கு இருமல் மருந்து (இது வண்டிக்கு இல்லை)

ஏப். 3. சனி

ராகலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். விமல் இறங்கி வந்து, "ஆரோக்கியம், பெடல் கீழ போறது" என்றார். படுத்துப் பார்த்தேன். பின் பிரேக் குழாய் அச்சில் உரசி உரசித் தேய்ந்து, விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு. புதுக் குழாய் கேட்டுக் கொழும்புக்குத் தந்தி அடித்தாயிற்று.

புதுக் குழாய் வராவிட்டால் ஓட மாட்டேன் என்று விமல் மருமகன் துரை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். துரை முகம் சிவந்துபோனது. அவர் தலைமையில் முதல் பந்தயம். வண்டி நின்றால் ஊர் சிரிக்கும்.

ஏப். 8. வியாழன்

குழாய் வரவில்லை. நானுஓயா ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பியாயிற்று.

புதுக் கூத்து ஒன்று. பூசையை எப்போதும் பந்தயத்தன்று காலையில்தான் போடுவோம். இந்த முறை பந்தயத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமையே போட வேண்டுமாம். கொழும்பு விருந்தாளிகள் போட்டோ எடுக்கிறார்களாம். பூசை போட்ட வண்டிக்கு அப்புறம் ஸ்பேனர் போடக்கூடாது என்பது எங்கள் கராஜ் கட்டுப்பாடு. நான் சேர்ந்த நாளிலிருந்து உண்டு. மாலை விழுந்தால் சாமி வண்டி, ஓட்டுகிறவன் மட்டும்தான் தொடலாம். மருமகன் துரையிடம் சொன்னேன். "அதற்கென்ன, நாளைக்குக் குழாய் வந்துவிடும்" என்றார்.

ஏப். 9. வெள்ளி

காலை ரயிலில் வரவில்லை.

நாலு மணிக்குப் பூசை. தேங்காய், கற்பூரம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மாலையைத் துரையே போட்டார். படபடவென்று போட்டோ. நான் ஓரமாக நின்றேன்.

ஆறரைக்கு ஸ்டேஷனிலிருந்து பார்சல். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நேரே கராஜுக்கு ஓடினேன். முத்துசாமி வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். "பூச போட்டாச்சுங்க. நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்கு ஒன்னுமில்ல. எங்களுக்கு இருக்குல்ல. கறுப்பையா அண்ணன் இருந்தா கைய வைப்பாரா?"

குழாயை மாற்றினால் பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். பெடல் மிதிக்க இன்னொருவன் வேண்டும். ஒருவனும் நகரவில்லை. ரோசம்மாவைக் கூட்டி வந்திருக்கலாம். அதட்டியிருக்கலாம். வேதக்காரன் பூசையை மிதித்துவிட்டான் என்று நாளைக்கு ஊரே பேசும், அப்புறம் இந்தக் கராஜில் என் சொல் எடுபடாது. அந்த நினைப்புத்தான் முன்னால் வந்தது.

பங்களாவுக்குப் போனேன். துரை கையில் கிளாஸ். "ஒரு வாரமாக ஓடவில்லையா? ரெண்டு நிமிஷப் பந்தயம், அதற்கு ஓடாதா? பையன்களைக் கிளப்பிவிடாதே" என்றார்.

குழாய் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. விடிந்ததும் விமலிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏப். 10. சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை நல்ல வெயில். ரோட்டின் இரு பக்கமும் சனம். விமல் கையுறை மாட்டிக்கொண்டே கேட்டார், "பைப் மாத்தினதா ஆரோக்கியம்?" பக்கத்தில் துரை. பின்னால் முத்துசாமியும் பையன்களும்.

"மாத்தியாச்சுங்க மாத்தையா" என்றேன்.

தோளில் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மூன்றாவது வளைவு. பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்கவேயில்லை. தேயிலைச் சரிவில் உருண்டு தண்ணீர்க் கான் பள்ளத்தில் போய் விழுந்தது வண்டி. நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியில் நின்றுவிட்டது.

ஏப். 11. குருத்து ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ரோசம்மா மட்டும் போய்க் குருத்தோலை கொண்டு வந்தாள். நான் தொடவில்லை.

காலையில் மருமகன் துரை. வீட்டு வாசல்வரை வந்தது இதுதான் முதல் தடவை. நாளைக்கு மரண விசாரணையாம். புதுக் குழாய் சனி சாயங்காலம்தான் வந்தது என்று சொல்ல வேண்டுமாம். பழைய குழாயைப் பூட்டியது கறுப்பையா, அது பொய்யில்லையே என்றார். "வீடு வசதியாக இருக்கிறதா?" என்றும் கேட்டார்.

சாயங்காலம் கறுப்பையா அண்ணன். ராகலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. பிளேன்டீயைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார்.

"பைப்பு வரலயாமே?"

உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தேன். பார்சல் தாளோடு. வெள்ளிக்கிழமை முத்திரை.

தாளைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"பூச போட்டாச்சுன்னு பயலுக விடலண்ணே. நீங்க வச்ச கட்டுப்பாடு."

"ஆமா, நான் வச்சதுதான். கடைசி நேரத்துல ஆளாளுக்கு ஒரு நட்ட திருகி வண்டியக் கெடுத்தானுங்க. சொன்னாக் கேக்கல. சாமி பேரச் சொல்லிக் கையக் கட்டினேன்." குழாயை விரலால் தள்ளிவிட்டு, "நானா இருந்தா மாலையக் கழட்டி வச்சிட்டு மாத்தியிருப்பேன். மாத்திட்டு இன்னொரு தேங்கா ஒடச்சிருப்பேன். அவ்வளவுதானே தம்பி" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

ஏப். 12. திங்கள்

மழை. விசாரணை பத்தரைக்கு.

குழாய் எப்போது வந்தது என்று கேட்டார்கள். வெள்ளி சாயங்காலம் ஆறரை, கையெழுத்துப் போட்டு வாங்கியது நான், மாற்றாமல் வைத்திருந்ததும் நான் என்றேன். பார்சல் தாளைக் கொடுத்தேன். ஏறுவதற்கு முன் விமல் கேட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருமகன் துரை எழுந்து வெளியே போனார். முத்துசாமி தரையைப் பார்த்தபடி நின்றான். நாளைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பங்களா ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

முன் வரிசையில் விமலின் அம்மா. வெள்ளைச் சேலை. பக்கத்திலிருந்தவர் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது, அந்த அம்மா என் பக்கம் வந்து மெதுவாக ஏதோ கேட்டார். எனக்கே புரிந்தது. ஆனாலும் பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்.

"வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி மகன் உங்ககிட்ட ஏதும் கேட்டாரான்னு கேக்கிறாங்க."

"கேட்டாருங்க" என்றேன்.